பூட்டிய அறையில் பிடி அரிசி

அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போதகர். எங்கள் குழுவின் தலைவர், பாளையங்கோட்டைப் பக்கத்து ஆள். சபையின் பொருளாளர். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே ஆபீசில் கிராணி, நம் ஊர்க் குமாஸ்தா வேலை. ஆர்மோனியம் வாசிக்கிறவர். அவரைப் பெட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். நான். வேதாகம ஸ்திரீ, வீடு வீடாகப் போய்ப் பெண்களோடு ஜெபம் பண்ணுகிற வேலை. நாற்காலி மூன்றுதான், அதனால் வாசலில் நின்றேன். மூலையில் ஒரு சீனத்து ஜாடி, என் இடுப்பு உயரம். அதில் அரிசி.

செல்லக்கனி அங்கே இல்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைனில், கூலிக்காரர் வீட்டு வரிசையில், தன் வீட்டுப் பாயில் கிடந்தாள். பிள்ளை பெற்று இரண்டு வாரம் ஆகவில்லை. பேச்சு அவளைப் பற்றித்தான்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், உங்கள் பயிற்சி வகுப்பில் அந்த ஜாடியைப் பாடமாக நடத்துகிறார்களாம். பஞ்சத்திலும் ஒரு மணி அரிசியைத் தொடாமல் பொருத்தனை காத்த சபை என்று. உங்களில் ஒரு பெண் போன மாதம் என் வீட்டுக்கு வந்தாள். "நீங்க அங்க இருந்தீங்களாமே அம்மா. எவ்வளவு பெரிய விசுவாசம்" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அவளுக்குக் காப்பி கொடுக்கவும் மறந்துவிட்டேன். அந்தப் பெண் மன்னிக்க வேண்டும்.

நான் நாலாம் வகுப்பு. நீட்டி எழுத வராது. ஆனால் பாடம் நடத்துகிறவர் அங்கே இல்லை, நான் இருந்தேன். நீங்கள் கடல் தாண்டி ஊழியத்துக்குப் போகப்போகிறவர்கள். அந்த ஜாடியில் என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

நம் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது வீட்டுக்காரி அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போடுவாள். அது சபைக்கு. சனிக்கிழமை வேதாகம ஸ்திரீ பையோடு போய் வாங்கி வருவாள். வருஷத்துக்கு ஒரு தடவை அதைப் பொங்கி அசனம் வைப்பார்கள். அந்தச் சாதி இந்தச் சாதி, ஞானஸ்நானம் வாங்கினவர் வாங்காதவர் என்று பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. நல்ல வழக்கம். அதில் எனக்குக் குறை இல்லை.

ஆறு மாத ஊழியம் என்று சொல்லித்தான் மலாயாவுக்குக் கப்பல் ஏறினோம். கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போவோம், பிரிக்பீல்ட்ஸ் லைன்களுக்குப் போவோம். போதகர் பிடி அரிசி வழக்கத்தை அங்கேயும் ஆரம்பித்து வைத்தார். அப்போது அரிசிக்குக் குறைவில்லை. லைன் பெண்கள் கை நிறையப் போட்டார்கள். ஞானஸ்நானம் வாங்காதவர்கள்தான் அதிகம். செல்லக்கனியின் பக்கத்து வீட்டு ராக்கு, வாசலில் முனியாண்டிக்கு விளக்கு வைத்துவிட்டு வந்து எனக்கு அரிசி போடுவாள். "சாமிக்குத்தானே லா. எந்தச் சாமியா இருந்தா என்ன" என்பாள்.

அப்புறம் சண்டை வந்தது. கப்பல் நின்றது. எங்களைக் கூப்பிட்டிருந்த வெள்ளைக்காரத் துரையை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனான். நாங்கள் திரும்ப வழியில்லாமல் கோயிலை ஒட்டிய வீட்டில் தங்கிவிட்டோம்.

குண்டு விழுந்த வாரம் போதகர் கோயிலில் முழங்கால் போட்டு ஒரு பொருத்தனை பண்ணினார். சபைக் குடும்பங்களைக் கர்த்தர் காப்பாற்றினால், சண்டை முடிகிற நாளில் இந்த ஜாடி அரிசியைப் பொங்கி அசனம் வைப்போம், அதுவரை இதில் யாரும் கை வைக்க மாட்டோம் என்று. எல்லோரும் ஆமென் சொன்னோம். ஒரு மாதத்தில் சண்டை முடிந்துவிடும் என்று நினைத்துச் சொன்ன ஆமென் அது.

கோயில் தோட்டத்தில் பூச்செடியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டோம். அங்கே அதை ஊபி என்பார்கள். காலையில் ஊபி, மத்தியானம் ஊபி. உப்பு கிடைத்த அன்று பண்டிகை. தெருவில் ஜப்பான் சிப்பாய் நின்றால் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும். கும்பிடாத பெட்டிக்காரர் ஒரு தடவை அறை வாங்கினார். "கன்னத்தைத் திருப்பிக் காட்டினீங்களா?" என்று கேட்டேன். "கேக்காமலே ரெண்டையும் அறைஞ்சான்" என்றார்.

போதகர் தின்றதும் ஊபிதான். இதை நன்றாக மனசில் வையுங்கள். அந்த ஜாடியிலிருந்து அவர் ஒரு மணி எடுக்கவில்லை. பொருளாளரும் எடுக்கவில்லை. அவர்கள் திருடர்கள் இல்லை. திருடர்களாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருக்காது. திருடனிடம் பேசி ஒரு படி வாங்கியிருக்கலாம்.

கூப்பன் அரிசி குறையக் குறைய லைன் பெண்களின் பிடியும் சுருங்கியது. கடைசியில் மூன்று விரலில் எடுக்கிற அளவு. நிறுத்திவிடலாம் ஐயா என்று போதகரிடம் சொன்னேன். "கொடுக்கிற கையை நாம தடுக்கலாமா?" என்றார். ஆகவே சனிக்கிழமை சனிக்கிழமை போனேன். செல்லக்கனி அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சிரட்டை வைத்திருந்தாள். வயிற்றில் பிள்ளையோடு அதில் அரிசி போட்டாள். வேண்டாம் தாயி, நீ சாப்பிடு என்றேன். "நீங்க யாருக்கா வேணாம்னு சொல்ல? நான் உங்களுக்கா போடுறேன்?" என்றாள். இருபது வயசு இருக்கும். வாய் அதிகம். எனக்குப் பிடித்த வாய்.

அவள் புருஷன் மாடசாமிக்குத் தண்டவாளத்தில் வேலை. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாதத்தில் வந்துவிடலாம் என்று சொல்லி லைனில் ஆள் எடுத்தார்கள். எடுத்தார்கள் என்றால் பிடித்தார்கள். வேலை முடித்து வந்தவனை வீட்டுக்குள் போகவிடாமல் லோரியில் ஏற்றினார்கள். சம்பளம் வீட்டுக்கு வரும் என்றார்கள். வரவில்லை. அவன் பேருக்கு வந்துகொண்டிருந்த கூப்பன் அரிசியும் நின்றது.

அவன் போன பிறகு பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. ராக்குதான் பேறு பார்த்தாள். பெற்றவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஊபி உள்ளே போனால் வாந்தி. பால் இல்லை. பிள்ளை அழுது பார்த்தது. பிறகு அழுவதை விட்டுவிட்டது. நீங்கள் போகிற ஊர்களில் அழுகிற பிள்ளையைப் பார்த்துப் பதறாதீர்கள். அழாமல் கிடக்கிற பிள்ளையைப் பாருங்கள்.

ஆஸ்பத்திரி டிரஸ்ஸரைக் கூட்டி வந்தேன். மருந்து இல்லை என்று கையை விரித்தார். "அரிசிக் கஞ்சி குடுங்க. அது உள்ள நின்னா காய்ச்சலும் விடும், பாலும் வரும். ஊபியே குடுத்தீங்கன்னா ரெண்டு பேரையும் தூக்கணும்" என்றார்.

அங்கிருந்து நேராகத்தான் அந்த அறை வாசலுக்கு வந்து நின்றேன்.

"ஐயா, செல்லக்கனிக்கு ரெண்டு படி அரிசி வேணும்" என்றேன்.

போதகர் ஜாடியைத் திரும்பிப் பார்த்தார். "ஞானப்பூ, எங்களுக்கு மனசு இல்லைன்னு நினைக்காத. அது நம்ம அரிசி இல்லையேம்மா. கர்த்தருக்கு நேர்ந்தது."

"அவ போட்டதும் அதுல இருக்குய்யா."

"போட்டதைத் திரும்ப எடுக்கலாமா?"

பொருளாளர் குறுக்கே வந்தார். "இஞ்சை பாருங்கோ அம்மா. நான் வேற விதமாச் சொல்லுறன். ஒருத்திக்குக் குடுத்தா நாளைக்கு லைன் முழுக்க வாசல்லை வந்து நிக்கும். பிறகு ஜப்பான்காரனுக்குத் தெரிய வரும். அரிசி பதுக்கின ஆக்களுக்கு என்ன நடக்குது எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"இங்க அரிசி இருக்கிறது லைன் முழுக்கத் தெரியுமே. அவங்க போட்டதுதானே."

"தெரிஞ்சாலும் வாய் திறக்க மாட்டினம். சாமிச் சொத்து எண்டு ஒரு பயம் இருக்கு. நாங்களே கை வைச்சா அந்தப் பயம் போயிடும்."

அவர்கள் பயத்துக்குள் நீங்கள் அரிசி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

போதகர் சொன்னார்: "அவ இன்னும் ஞானஸ்நானமும் வாங்கலை. சபைக் குடும்பங்களுக்கே குடுக்க முடியாம இருக்கையில..."

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெட்டிக்காரர் தலையைத் தூக்கினார். "அசனத்துல ஞானஸ்நானம் கேக்கிறதில்லையே ஐயா."

"இது அசனம் இல்ல தம்பி."

"சரிதான். அசனத்துக்கு ஆளு உயிரோட இருக்கணும்."

போதகர் எழுந்துவிட்டார். "ஜெபம் பண்ணுவோம்" என்றார். செல்லக்கனிக்காக ஜெபம் பண்ணினார். உருக்கமான ஜெபம், நல்ல வார்த்தைகள். அவர் குரல் உடைந்தது. நடிப்பு இல்லை. ஜாடிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான். எனக்கு ஆமென் வரவில்லை.

பொருளாளர் அறையைப் பூட்டிச் சாவியை மடியில் செருகினார்.

பூட்டை உடைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவள்தான். உடைத்தால் களவு என்று பேச்சு வரும். களவு என்றால் ஜப்பான் போலீஸ் வரும். அவர்கள் முதலில் இழுத்துப் போவது லைன் ஆட்களைத்தான். சரி, உள்ளேயே நின்று சண்டை போடலாம் என்றால் அதற்கு நாள் பிடிக்கும். செல்லக்கனியிடம் நாள் இல்லை. ஆகவே கோபத்தை எடுத்து ஓரமாக வைத்தேன். கஞ்சிக்கு அரிசி வேறு எங்கே கிடைக்கும் என்று மட்டும் யோசித்தேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். கோபம் எங்கேயும் ஓடிவிடாது. என்னுடையது இன்னும் இருக்கிறது, பாருங்கள்.

கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக்கடை பாய் இருந்தார். ராமநாதபுரம் கரையோரத்து ஆள். சண்டைக்கு முன்னால் அவர் கடை வாசலில் நாங்கள் ஆர்மோனியம் வைத்துப் பிரசங்கம் பண்ணியிருக்கிறோம். கூட்டம் கடையை மறைத்தது. மூன்றாம் நாள் அவர் பாத்திரம் கழுவிய தண்ணீரை எங்கள் காலடியில் ஊற்றினார். கிள்ளானில் அரிசி வைத்திருக்கக்கூடிய ஆள் என்று எனக்குத் தெரிந்தது அவர் ஒருவர்தான்.

பெட்டிக்காரரும் வருகிறேன் என்றார். ஜெபக் கூட்டத்துக்குப் போகிறோம் என்றால் ஆர்மோனியம் இருக்க வேண்டுமே. ரயிலுக்குப் பாஸ் வேண்டும். பொருளாளரிடம்தான் போய்க் கேட்டேன். "கிள்ளான் தோட்டத்துல கூட்டம்" என்றேன். என்னைப் பார்த்தார், பெட்டிக்காரரைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்றைக்கே வாங்கிக் கொடுத்தார். அவருக்குத் தெரியும். மனசு இருந்தது, சாவியும் இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. பாஸுக்கு நன்றி சொன்னேன். அரிசிக்கு அவரை மன்னிக்கவில்லை.

பாய் கடையில் ஊபிப் பணியாரமும் சர்க்கரை இல்லாத கறுப்புக் காப்பியும்தான் இருந்தது. எங்களைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"வாங்க வேதக்காரம்மா. இன்னைக்கு யாரை ரட்சிக்க வந்தீங்க?"

"அரிசி வேணும் பாய்."

"நல்லாக் கேட்டீங்க. முக்குல ஜப்பான்காரன் நிக்கிறான், அவன் காதுலயும் விழட்டும். இன்னொரு தரம் சொல்லுங்க."

பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். அவர் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்க கோயில்ல ஒரு ஜாடி இருக்குதாமே."

"இருக்கு."

"அதுல என்ன, மண்ணா?"

"அரிசிதான். சாமிக்கு நேர்ந்தது. தொடக்கூடாதாம்."

துடைப்பதை நிறுத்தினார். "எங்க பள்ளிவாசல்லயும் இருந்துச்சு. நோன்புக் கஞ்சிக்குன்னு சேத்து வச்சது. வர்றவன் போறவனுக்கெல்லாம் குடுத்துத் தீந்துபோச்சு. இந்த நோன்புக்கு ஊபித் தண்ணிதான். அல்லா கேட்டா நான் சொல்லிக்கிறேன்னு லெப்பை சொல்லிட்டாரு." பிறகு கேட்டார்: "யாருக்கு அரிசி?"

"பிள்ளை பெத்தவ ஒருத்திக்கு. புருஷனை சயாமுக்குக் கொண்டுபோயிட்டான்."

"உங்க ஆளா?"

"இன்னும் ஞானஸ்நானம் வாங்கலை."

"அப்ப உங்க ஆளும் இல்ல, எங்க ஆளும் இல்ல. சரி, உள்ள வாங்க."

சமையல்கட்டில் விறகுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறிய மூட்டையை எடுத்தார். அவர் குடும்பத்துக்கு வைத்திருந்தது. பானையில் கொட்டி இரண்டு படி அளந்தார். விலை கேட்டேன். "என் கடை வாசல்ல இனிமே பொட்டி வைக்காதீங்க. அதான் விலை" என்றார்.

மடியில் கட்டிக்கொள்கிறேன் என்றேன். பாய் கையை ஆட்டினார். "ஸ்டேஷன்ல மடியை அவுக்கச் சொல்றாம்மா. அரிசி ஊரைத் தாண்டக்கூடாது. அன்னைக்கு ஒரு சீனத்தியைப் பிடிச்சு வெயில்ல முட்டி போட வச்சான். சாயங்காலம் வரைக்கும்."

பெட்டிக்காரர் ஆர்மோனியத்தைக் கீழே வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார். நாகர்கோவிலில் அவருடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. தன் சட்டை கிழிந்தாலும் அதற்கு உறை தைத்துப் போடுகிறவர்.

"பாய், ஒரு கத்தி குடுங்க" என்றார்.

மேல் பலகையைக் கழற்றினார். உள்ளே இருக்கிற துருத்தியை அறுத்து எடுத்தார். அந்த இடத்தில் அரிசியைத் துணியில் சுருட்டி வைத்தார். பாய்க்கே பொறுக்கவில்லை. "ஏன்யா, பொண்டாட்டி கழுத்தை அறுக்கிற மாதிரி இருக்கேய்யா."

"பொண்டாட்டி ஊர்ல இருக்கா பாய். அவ சத்தம் இதைவிட ஜாஸ்தி."

"இனிமே எப்படி வாசிப்பீங்க?"

"கை தட்டுவோம். உங்க கடை வாசல்ல இல்ல."

கிள்ளான் ஸ்டேஷன் வாசலில் ஒரு ஜப்பான் சிப்பாயும் ஒரு தமிழ்ப் போலீஸ்காரரும் நின்றார்கள். குனிந்து கும்பிட்டோம். என் பையை உதறிப் பார்த்தார்கள். வேதபுத்தகத்தைப் புரட்டினார்கள். மடியை அவிழ்க்கச் சொன்னார்கள், அவிழ்த்துக் காட்டினேன். போகலாம் என்று கை காட்டின பிறகு சிப்பாய் பெட்டியைப் பார்த்தான். என்னமோ சொன்னான்.

"வாசிக்கச் சொல்றான்" என்றார் போலீஸ்காரர்.

பெட்டிக்காரர் உட்கார்ந்தார். கட்டையை அழுத்தி, பின்பக்கத்து வெளித்துருத்தியை அசைத்தார். ஆஸ்துமாக்காரன் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. சிப்பாய் முகம் மாறியது. பெட்டிக்காரர் நிறுத்தவில்லை. வாயைத் திறந்து ஒரு கீர்த்தனையை அடித்தொண்டையில் பாட ஆரம்பித்தார். நானும் சேர்ந்துகொண்டேன். எனக்குச் சாரீரம் கிடையாது. அன்றைக்கு அது உதவியாக இருந்தது. சிப்பாய் சிரித்துவிட்டான். இன்னொரு தரம் என்று விரலைக் காட்டினான்.

இரண்டாம் தடவை துருத்தியை அசைத்தபோது துணி அவிழ்ந்துவிட்டது. பெட்டியின் கீழ்ச்சந்தில் அரிசி கொட்டியது. கொஞ்சம்தான். சிமெண்டுத் தரையில் வெள்ளை வெளேர் என்று.

நான் ஒரு அடி முன்னால் வந்து அதன்மேல் கால் வைத்தேன். கீழே பார்க்கவில்லை. இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: கையில் எதை மறைத்தாலும் கண்ணிலும் மறைக்க வேண்டும். நான் சிப்பாயின் தொப்பியைப் பார்த்தே பாடினேன். போலீஸ்காரர் என் காலைப் பார்த்தார். முகத்தை அவனிடம் காட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அம்மா, காலை எடுக்காதீங்க. ரயில் ஊதினப்புறம் போங்க." சிப்பாய் பெட்டிக்காரர் முதுகில் தட்டிவிட்டு அடுத்த ஆளைச் சோதிக்கப் போனான்.

அந்தப் போலீஸ்காரர் பேர் எனக்குத் தெரியாது. அவரைப் பற்றி உங்கள் வகுப்பில் பாடம் இல்லை.

கஞ்சி வைத்தோம். முதல் நாள் வெறும் வடிகஞ்சி. பிறகு குழையவிட்டு, உப்புப் போட்டு. ராக்குதான் ஊட்டினாள். ஒரு வாரத்துக்குள் காய்ச்சல் விட்டது. பால் வந்தது. பிள்ளை அழுதது. அந்த அழுகையைக் கேட்டு லைனில் பெண்கள் வந்து வந்து பார்த்தார்கள்.

"எங்கக்கா கிடைச்சுது அரிசி? கோயில்லயா?" என்று செல்லக்கனி கேட்டாள்.

"இல்ல."

அவள் மேலே கேட்கவில்லை. ஆனால் சனிக்கிழமை போனபோது சிரட்டையில் அரிசி இருந்தது. பாய் கொடுத்த அரிசியிலிருந்து மூன்று விரல்.

அன்றோடு நான் பையை மடித்துவிட்டேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, இனிமேல் போடாதீர்கள், போட்டாலும் வாங்க வரமாட்டேன் என்று சொன்னேன். சுலபமாக நடக்கவில்லை. சிலர் அழுதார்கள். ராக்கு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "நீங்கதானே சாமிக்குன்னு சொன்னீங்க. இப்ப நீங்களே வேணாங்கிறீங்க. சாமி செத்துப்போச்சா?" கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு ஊருக்குள் வழக்கத்தைக் கொண்டுபோவது லேசு. அதை வெளியே எடுத்துவர அவர்கள் உங்களை விடமாட்டார்கள். போதகர் ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொருளாளர் ஜாடி மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி அடைத்துவிட்டார்.

அடுத்த வருஷம் இன்னும் மோசம். நான் திரும்பக் கிள்ளானுக்குப் போனேன். பாய் கடை மூடிக் கிடந்தது. எங்கே என்று கேட்டேன். அக்கம் பக்கத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

செல்லக்கனியின் பிள்ளைக்கு நடக்கிற வயசு. நடக்கவில்லை. தாய்ப்பால் நின்றுபோயிருந்தது. ஊபிதான். கை கால் குச்சி, வயிறும் முகமும் வீக்கம். மறுபடியும் போதகரிடம் போனேன். அவர் கட்டிலில் இருந்தார். அவருக்கும் கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழும்.

"ஐயா, மெழுகை உடைங்க" என்றேன்.

"என் காலைப் பாத்தியா ஞானப்பூ?"

"பாத்தேன்யா."

"நான் அதுல எடுத்தேனா?"

"இல்லய்யா."

"நானே எனக்காகக் கேக்கலையே அம்மா."

அன்று எனக்கு அதற்குப் பதில் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன். பதில் பிறகு வந்தது. உங்களுக்குத் தருகிறேன், கையோடு கொண்டுபோங்கள். நீங்கள் பட்டினி கிடக்கலாம், அது உங்கள் வயிறு. அதைக் காட்டி இன்னொருத்தி பிள்ளையைப் பட்டினி போட உங்களுக்கு அதிகாரம் இல்லை. உங்கள் மேலதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கால் எவ்வளவு வீங்கியிருந்தாலும், இதைச் சொல்லிவிடுங்கள். நல்லவர்களிடம் சொல்வதுதான் கஷ்டம்.

மழைக்காலத்தில் பிள்ளை போய்விட்டது. பாயில் சுற்றிக்கொண்டு போனோம். போதகர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து ஜெபம் பண்ணினார். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை, ஆனாலும் வந்தார். செல்லக்கனி அழவில்லை. அவளுடைய வாயும் அதோடு போயிற்று.

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். போதகர் மணியை அடிக்கச் சொன்னார். அசனம். லைனில் மிச்சம் இருந்தவர்கள் மங்குத் தட்டோடு வந்தார்கள். சயாமுக்குப் போன ஆண்களில் அதுவரை யாரும் வரவில்லை. மாடசாமி பிறகும் வரவில்லை. செல்லக்கனி வந்தாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முற்றத்தில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஜாடியை நாலு பேர் முற்றத்துக்குத் தூக்கி வந்தார்கள். பொருளாளர் கத்தியால் மெழுகை எடுத்தார். மூடியைத் திறந்ததும் ஒரு வாடை. உள்ளே நூலாம்படை கட்டியிருந்தது. வண்டு ஊர்ந்தது. அரிசி என்று ஒன்று இல்லை. கையை விட்டால் விரல் சந்தில் மாவாக ஓடியது. மேலேதான் அப்படி என்று பொருளாளர் தோள் வரை கையை விட்டுப் பார்த்தார். அடி வரை அப்படித்தான். கையை வெளியே எடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பெட்டிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று ஊபியை அவித்துப் பந்தி நடந்தது. பொருத்தனை நிறைவேறியது என்று போதகர் ஸ்தோத்திரம் சொன்னார். ஊருக்கு எழுதும்போதும் அப்படித்தான் எழுதினார். அங்கிருந்துதான் அது உங்கள் பாடத்துக்கு வந்திருக்கிறது. பந்திக்கு முன்னால் நடந்ததை எழுதவில்லை. அதை நான் எழுதுகிறேன்.

"நேர்ந்ததைக் கணக்கில்லாம கொட்டக்கூடாது, அளந்துடும்மா" என்று போதகர் என்னிடம் படியைக் கொடுத்தார். லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. செல்லக்கனியும் பார்த்துக்கொண்டிருந்தாள். நம் ஊரில் அரிசி அளக்கும்போது முதல் படிக்கு ஒன்று என்று சொல்ல மாட்டோம். லாபம் என்று சொல்லித்தான் ஆரம்பிப்போம். என் அம்மாவும் அப்படி, நானும் அப்படி. அதுவரை ஒரு தடவைகூட நான் மாற்றிச் சொன்னதில்லை.

அன்று ஒன்று என்று ஆரம்பித்தேன். சத்தமாகவே எண்ணினேன்.

முப்பத்தொன்பது படி.